‘நீங்கள்’ என்று அழைத்த மாதா

தஞ்சோங் மாலிமிலிருந்து பழைய சாலையில் வடக்கே போனால் சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் என்று ஊர்கள் வரிசையாக வந்து ஈப்போவில் முடியும். நெடுஞ்சாலை வந்த பிறகு இந்தப் பாதையில் போகிறவர்கள் குறைவு. ஆனால் மெதுவாகப் போனால்தான் சில காட்சிகள் கண்ணில் படும். இந்தப் பக்கத்து மாதா கோயில் வளாகங்களை எட்டிப் பாருங்கள். கட்டடம் பெரிதாக இருக்கலாம், தகரக் கூரை போட்ட சின்ன மண்டபமாகவும் இருக்கலாம். பல இடங்களில் வளாகத்தின் ஒரு மூலையில் கரடுமுரடான கல்போலச் செதுக்கிய ஒரு குகை இருக்கும். உள்ளே வெள்ளை உடை, நீல இடைக்கச்சையோடு மாதா நிற்பார். முன்னால் மெழுகுவர்த்திகள் உருகிக் கிடக்கும்.

கத்தோலிக்கர்கள் அதைக் ‘கெபி’ என்பார்கள். லூர்து மாதா கெபி.

நான் கத்தோலிக்கர் இல்லை. பத்துமலைத் தைப்பூசத்தோடு வளர்ந்த ஆள். ஆனால் கெபிக்கு முன்னால் நிற்க யாரும் யாரிடமும் மதம் கேட்பதில்லை. கோயில் கதவு பூட்டியிருந்தாலும் கெபி திறந்தே இருக்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளையும், மருத்துவமனையிலிருந்து திரும்புகிறவரும், நெற்றியில் திருநீற்றோடு வருகிற பாட்டியும் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம்மவர்கள் இவ்வளவு சொந்தமாக எடுத்துக்கொண்ட அந்தச் சிற்பக் காட்சி உண்மையில் எதைக் காட்டுகிறது? இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

கோபுரம் மேலே, குகை கீழே

லூர்து மாதா பெயரில் தமிழர்கள் எழுப்பிய கோயில்களில் நம் அண்டையில் இருப்பது சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் உள்ள ஆலயம். அதற்கு முன் சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்கள் குவீன் ஸ்திரீட்டில் உள்ள புனித பேதுரு பவுல் ஆலயத்தைச் சீனக் கத்தோலிக்கர்களோடு பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழர்களுக்கென்று தனிக் கோயில் வேண்டும் என்று பிரெஞ்சுக் குரு மெனுவ்ரியே முனைந்து நின்றார். 1886 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். 1888 மே மாதம் கோயில் திறக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

பிரான்சின் லூர்து நகரில் குகைக்கு மேலே பாறையில் எழுப்பிய பேராலயம்தான் இதற்கு மாதிரி. கூர்மாடக் கலை, அதாவது கோதிக் பாணி. இந்தப் பாணியின் சூட்சுமம் அதன் வளைவில் இருக்கிறது. அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். கூம்பிய வளைவு பாரத்தைப் பெரும்பாலும் கீழ்நோக்கி இறக்கிவிடும். மிச்சத்தை வெளிப்புற முட்டுச்சுவர்கள் ஏந்திக்கொள்ளும். அதனால் சுவரில் நீண்ட சன்னல் வைக்கலாம், வண்ணக் கண்ணாடி பதிக்கலாம், கோபுரத்தை ஊசிபோல உயர்த்தலாம். உள்ளே நுழைந்ததும் நம் கண் தானாக மேலே போகும். போக வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள்.

கெபியின் கட்டுமானம் இதற்கு நேர் எதிர். அங்கே உயரம் இல்லை, அளவெடுத்த வளைவு இல்லை, சாயம் பூசிய கண்ணாடி இல்லை. செங்கல்லை அடுக்கி, கம்பி வலை போட்டு, சிமெண்டை வழித்து, காய்வதற்குள் கையாலும் கரண்டியாலும் பாறைபோலக் கரடுமுரடாக்கி விடுவார்கள். ஓர் ஊர்க் கொத்தனாரே செய்துவிடக்கூடிய வேலை. கோபுரம் கட்ட ஆயரின் அனுமதியும் பொறியாளரும் பணமும் வேண்டும். கெபி கட்ட நாலு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் மணல் சிமெண்டும் இருந்தால் போதும். அதனால்தான் தோட்டப்புறம் வரைக்கும் அது பரவியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். நிஜக் குகைகளுக்குப் பஞ்சமே இல்லை. சீனர்கள் குகைக்குள்ளேயே கோயில் அமைத்தார்கள். நம்மவர்கள் கல்லுமலையில் முருகனைக் கண்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், சிலிபின் லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிற கத்தோலிக்கர்களுக்குச் சிமெண்டுக் குகைதான் வேண்டியிருக்கிறது. காரணம், அவர்களுக்கு வேண்டியது ஏதோ ஒரு குகை இல்லை. குறிப்பிட்ட ஒரு குகை, குறிப்பிட்ட ஒரு நாள், அங்கே நடந்த ஒரு பேச்சு.

விறகு பொறுக்கப் போன பிள்ளை

கெபியில் மாதாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். கீழே இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ, தலையில் முக்காடு போட்டு, கையில் செபமாலையோடு முழங்காலிட்டிருக்கும் ஒரு சின்ன உருவம் பல கெபிகளில் உண்டு. பெர்னதெத் சூபிரூ. 1858இல் அவளுக்கு வயது 14.

அப்பா மாவு அரைக்கும் ஆலைக்காரர். தொழில் நொடித்துப்போய்க் கூலி வேலைக்கு இறங்கியவர். அதற்கு முந்தைய ஆண்டு மாவு திருடியதாகச் சந்தேகப்பட்டு அவரைச் சில நாள் சிறையில் வைத்தார்கள். குடும்பம் குடியிருந்தது ஒரு பழைய சிறைச்சாலையின் அறையில். சுகாதாரக் கேடு என்று கைதிகளைக்கூட அங்கே வைப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஏறத்தாழ 12 அடிக்கு 14 அடி. அதில் அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள். லயத்து வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெர்னதெத்துக்கு மூச்சிரைப்பு நோய். எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சும் தெரியாது. அந்தப் பக்கத்து ஏழைகள் பேசியது கஸ்கோன் என்ற வட்டார மொழி. பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் பிரெஞ்சு, அடுப்படியில் கஸ்கோன்.

1858 பிப்ரவரி 11. தங்கையோடும் ஒரு தோழியோடும் அவள் விறகு பொறுக்கப் போனாள். காவ் ஆற்றங்கரையில் மசபியேல் என்ற பாறைக்குகை. பன்றி மேய்ப்பவர்கள் ஒதுங்குகிற, குப்பை ஒதுங்குகிற இடம். தண்ணீரைக் கடக்கக் காலுறையைக் கழற்றும்போது குகையின் மாடத்தில் வெள்ளை உடையில் ஒருவரைக் கண்டதாக அவள் சொன்னாள். அன்று தொடங்கி ஜூலை 16 வரை மொத்தம் 18 முறை. ஆரம்பத்தில் அவள் ‘மாதா’ என்று சொல்லவே இல்லை. ‘அது’ என்று பொருள்படும் கஸ்கோன் சொல்லால்தான் குறிப்பிட்டாள். ஊரார்தான் பெயர் வைக்க அவசரப்பட்டார்கள்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். 1862இல் அந்த மறைமாவட்ட ஆயர் விசாரித்து ஏற்றுக்கொண்டார். என் கவனம் வேறு இடத்தில் நிற்கிறது. வானொலிக்காரருக்குக் காது கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். அங்கே என்ன பேசப்பட்டது, எப்படிப் பேசப்பட்டது?

எழுத வேண்டாம் என்ற பேச்சு

முதல் இரண்டு முறையும் பேச்சே இல்லை. மூன்றாம் முறை, பிப்ரவரி 18 அன்று, ஊரில் வசதியான பெண்மணி ஒருவரின் யோசனைப்படி பெர்னதெத் காகிதமும் மையும் எடுத்துப் போனாள். பெயரை எழுதித் தரும்படி கேட்டாள். சொல்ல வேண்டியதை எழுத வேண்டிய அவசியமில்லை என்று சிரித்தபடி பதில் வந்ததாம். எழுதினால் அவளுக்கு வாசிக்கவும் தெரியாதே. அடுத்து ஒரு வேண்டுகோள்: 15 நாள் இங்கே வருகிற தயவை எனக்குச் செய்வீர்களா?

‘செய்வாயா’ இல்லை. ‘செய்வீர்களா’.

கஸ்கோனிலும் நம் தமிழ்போலவே நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. அந்தக் காலத்து லூர்தில் விறகு பொறுக்கும் பிள்ளையை ‘நீங்கள்’ என்று யாரும் கூப்பிட்டதில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியம். ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசுவதைப்போல என்னிடம் பேசினார் என்று பின்னாளில் அவள் சொன்னாள். ஆங்கிலத்தில் இந்தக் கதையைப் படிக்கிறவர்களுக்கு இது நழுவிப்போகும். அந்த மொழியில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். தமிழில் படிக்கிற நமக்கு உடனே சுருக்கென்று படும்.

மார்ச் 25 அன்று பெயரும் சொல்லப்பட்டது. அதுவும் கஸ்கோன் மொழியில்: ‘கே சோய் எரா இம்மாகுலாதா கொன்செப்சியு.’ அமல உற்பவம் நானே என்று பொருள். பெர்னதெத்துக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. மறந்துவிடக் கூடாதே என்று வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள் பங்குக் குரு பெய்ரமாலிடம். கண்டிப்புக்குப் பேர்போன அந்தக் குரு திகைத்துப் போனார். 1854இல்தான் திருத்தந்தை அறிவித்த மறைக்கோட்பாடு அது. படிப்பில்லாத பிள்ளையின் வாயிலிருந்து அது வீட்டு மொழியில் வருகிறது.

இன்றும் லூர்தில் அந்தச் சொரூபத்தின் காலடியில் பொறித்திருப்பது இந்தக் கஸ்கோன் வாசகம்தான். லத்தீன் இல்லை, பிரெஞ்சும் இல்லை. உலகின் பெரிய யாத்திரைத் தலம் ஒன்றின் நடுவே, பள்ளிக்கூடம் மதிக்காத ஒரு பேச்சுமொழி கல்லில் நிற்கிறது.

சிற்பி வடித்ததும் அவள் கண்டதும்

இனி அந்தச் சொரூபத்துக்கு வருவோம். நம் கெபிகளில் உள்ளவை எல்லாமே அதன் நகல்கள்தான். லியோன் நகரத்துச் சிற்பி ஜோசப் ஃபாபிஷ் அதைப் பளிங்கில் வடித்தார். 1863இல் பெர்னதெத்தை நேரில் சந்தித்து, எப்படி நின்றார், கை எப்படி இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். கூப்பிய கைகள், நீலக் கச்சை, இரு பாதங்களிலும் மஞ்சள் ரோஜா, கையில் தொங்கும் செபமாலை. 1864 ஏப்ரல் 4 அன்று குகையின் மாடத்தில் நிறுவினார்கள். பெர்னதெத் நோயால் விழாவுக்கே வரவில்லை.

பிறகு பார்த்தாள். அழகாக இருக்கிறது, ஆனால் அவர் இல்லை என்றாள். அவள் கண்டது தன்னைவிட உயரமில்லாத, இளவயது உருவம். பெர்னதெத்தே நாலரை அடிதான். சிற்பி வடித்தது வளர்ந்த பெண்ணை. முகத்தை அவ்வளவு மேலே தூக்கியிருக்கவில்லை, கண்ணை மட்டுமே உயர்த்தினார் என்றும் அவள் சொன்னாள்.

யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்க, வத்திக்கான் தோட்டம் முதல் நம் தோட்டப்புறம் வரை நகலெடுக்கப்பட்ட ஓர் உருவம். அதை நேரில் கண்டதாகச் சொன்ன ஒரே சாட்சி, ‘இது இல்லை’ என்றவள். ஃபாபிஷைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கற்ற கலையில் தெய்வம் என்றால் உயரம், மேல் நோக்கிய பார்வை. கோதிக் கோபுரம் செய்கிற அதே வேலையைச் சொரூபமும் செய்துவிட்டது. ஆனால் அவள் சொன்ன அளவை வைத்துப் பார்த்தால், அங்கே இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். நீங்கள் என்று பேசிய மரியாதைக்கு அந்த உயரம்தான் பொருத்தம்.

அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவது கீழே இருக்கும் சின்ன உருவம்தான். அவள் அங்கே இருந்தால் அது ஓர் உரையாடல். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நாம் பின்னால் நின்று கேட்கிறோம். அவளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு சொரூபம் மட்டும்.

நம்மிடம் வந்த வழி

லூர்து மாதா தமிழரிடம் வர அதிக நாள் ஆகவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரில் பிரெஞ்சுக் குருக்கள் எழுப்பிய கோயிலுக்கு 1877லேயே பிரான்சிலிருந்து சொரூபம் வந்து சேர்ந்தது. அப்போது பெர்னதெத் கன்னியர் மடத்தில் உயிரோடு இருந்தாள். 1879இல்தான் இறந்தாள். புனிதர் பட்டம் 1933இல்.

புதுச்சேரியில் பணியாற்றிய அதே பாரீஸ் மிஷன் சபைதான் மலாயாவிலும் பணியாற்றியது. நம் பேராக்கிலேயே 1880களில் பாகான் செராயில் ஃபே என்ற குரு தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றி ஓர் ஊரையே உண்டாக்கினார். புனித சூசையப்பர் பெயரில் சூசைப்பாளையம். பின்னாளில் அவரே மலாக்கா ஆயரானார். சிங்கப்பூர் 1888, கிள்ளான் 1928 என்று லூர்து மாதா பெயரில் கோயில்கள் எழுந்தன.

இந்தக் கோயில்கள் எதற்காகத் தமிழருக்கென்று தனியாகத் தேவைப்பட்டன? அன்றைக்குப் பூசை எல்லோருக்கும் லத்தீனில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து, 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் பலிபீடத்துக்கே தமிழ் வந்தது. அதுவரை தமிழில் கிடைத்தவை பிரசங்கம், செபம், பாட்டு, பாவசங்கீர்த்தனம். மனசில் உள்ளதை ஒருவரிடம் சொல்ல வேண்டும், அதைச் சொந்த மொழியில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் தனிக் கோயில். இப்படிக் கோயில் கட்டியவர்களுக்கு, தன் வீட்டு மொழியில் பேசப்பட்ட ஒரு பெண்ணின் கதை நெருக்கமாகப் பட்டதில் என்ன வியப்பு?

ஒரு முறை என் நிகழ்ச்சியில், தோட்டத்து நாள்களில் உங்களை யார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று நேயர்களிடம் கேட்டேன். சிரிப்பாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். பால்வெட்டில் முப்பது வருசம் கழித்த ஓர் அம்மா அழைத்தார். “கிராணிக்கும் நான் ‘ஏய்’தான், மண்டோருக்கும் ‘ஏய்’தான். கல்யாணம் கட்டி, புள்ள பெத்த பிறகும் ‘ஏய்’தான். ‘வாங்க’ன்னு மொதல்ல கூப்பிட்டது எம் மருமவன்தான் தம்பி. எனக்கு யாரைக் கூப்பிடுறாருன்னே தெரியல, திரும்பிப் பார்த்தேன்.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கு அடுத்த பாட்டை அறிவிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த அம்மா கத்தோலிக்கரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால் கெபியின் கதையை அவருக்குச் சொன்னால், மறைக்கோட்பாடு விளக்கம் எதுவும் இல்லாமலே புரிந்துகொள்வார்.

யாரை மூலையில் வைக்கிறோம்?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. தோட்டங்கள் கைமாறி, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகிப் போனபோது கோயில்களும் சிற்றாலயங்களும் இடம் பெயர்ந்தன. சில சொரூபங்கள் பட்டணத்துக் கோயில்களுக்கு வந்து சேர்ந்தன. சில எங்கே போயின என்று கேட்கக்கூட ஆள் இல்லை. பட்டணத்திலோ கெபிகள் புதுப்பிக்கப்படுகின்றன. பளபளக்கும் சாயம், மின்விளக்கு, செயற்கை நீரூற்று. நல்லதுதான், பக்தியோடு செய்கிறார்கள். ஆனால் புதுப்பிக்கும்போது முதலில் இடம் இழக்கக்கூடியவள் அந்தச் சின்னப் பெண். மூக்கு உடைந்திருக்கும், சாயம் உரிந்திருக்கும், பூச்சட்டி வைக்க இடைஞ்சலாகத் தெரியும். மாதா மட்டுமே நிற்கிற கெபிகளும் நம்மிடம் உண்டு. அங்கே அந்தப் பேச்சின் ஒரு பாதி காணாமல் போய்விட்டது.

பழைமையைக் காப்பது என்றால் நாம் கோபுரத்தைத்தான் நினைக்கிறோம். கோபுரத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. சிங்கப்பூரில் அப்படிக் காத்திருக்கிறார்கள், பாராட்டலாம். சிமெண்டுக் கெபியை எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள். அதைக் காக்க வேண்டியது பங்கு மக்களும், கோயில் செயற்குழுவும், போகிற வருகிற நாமும்தான்.

செயற்குழுவில் இருக்கும் வாசகர்களுக்குச் சின்ன யோசனை. சாயம் அடிக்கும் முன் பழைய கெபியை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எந்த வருசம், யார் கையால் கட்டியது என்று வயதானவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முழங்காலிட்டிருக்கும் உருவம் உடைந்திருந்தால் ஒட்டுங்கள், களஞ்சிய அறைக்கு அனுப்பாதீர்கள். பக்கத்தில் தமிழில் ஒரு சிறு பலகை வையுங்கள்: இவள் யார், எதற்கு இங்கே வந்தாள், அவளிடம் எப்படிப் பேசப்பட்டது என்று நாலு வரி. தமிழ்த் திருப்பலிக்கு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். வீட்டு மொழிக்கு என்ன மதிப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் அந்த வளாகத்திலேயே வேறு இல்லை.

பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள். நோயாளிகளுக்கான உலக நாளாகவும் திருச்சபை அதைக் கொண்டாடுகிறது. அன்றைக்குப் பக்கத்து ஊர் மாதா கோயிலுக்குப் போக வாய்த்தால் கெபியின் முன் நில்லுங்கள். மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் கீழே பாருங்கள். முக்காடு போட்ட அந்தப் பிள்ளை இருக்கிறாளா என்று. இல்லையென்றால், எங்கே என்று கேளுங்கள். கேட்கும்போது ‘அது எங்கே’ என்று கேட்காதீர்கள். ‘அவங்க எங்கே’ என்று கேளுங்கள்.